நெகிழ்வட்டும் நினைவு அட்டையும்: கட்டளை கொண்டு வடிவமைத்தல்

பால்மரம் வெட்டுவோருக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நெகிழ்வட்டுகள், ஆலயத் திருவிழாவின்போது எடுத்த படங்கள் அடங்கிய நினைவு அட்டைகள், வேலை முடிந்து வெளியேறியபோது யாரோ படியெடுத்துக் கொடுத்த கடிதங்கள் ஆகியவை பிஸ்கட் டின்னிலும் பழைய கைப்பையிலும் கிடக்கின்றன. ஸ்கூடாய் வட்டாரத்தில் முன்பு தோட்டமாக இருந்த நிலங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. லயம் இடிந்துவிட்டது, லயத்தின் படம் ஒரு சிறு அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையைக் கணினியில் செருகியதும், 'இதை வடிவமைக்க வேண்டும், செய்யலாமா?' என்று திரை கேட்கிறது. 'ஆம்' என்று விடையளிக்குமுன் அச்சொல்லின் பொருள் யாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நம் மக்கள் 'போர்மேட்' என்று சொல்வதும் இதனையே.

புதிதாக ஒரு காட்டைத் திருத்தித் தோட்டம் போடுவதை நினைத்துப் பாருங்கள். மரங்களை வீழ்த்தி, நிலத்தைத் துப்புரவு செய்து, கோடு பிடித்து, முளைக்குச்சி நட்டு, இன்ன வரிசை இன்ன எண் என்று குறித்த பிறகே கன்று நடப்படுகிறது. கோடு பிடிக்காத நிலம் எவ்வளவு பரந்ததாயினும், எவருக்கு எந்த நிரை என்று சொல்ல இயலாது. நெகிழ்வட்டும் அத்தகையதே. உறைக்குள் இருப்பது காந்தத் தூள் பூசிய மெல்லிய வட்டத் தகடு. தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வரும் அத்தகட்டில் எழுத்தை எங்கே வைப்பது, எங்கிருந்து எடுப்பது என்பதைக் கணினி அறியாது. வடிவமைத்தல் என்பது அத்தகட்டில் கோடு பிடிக்கும் வேலை.

அவ்வேலையின் அளவைப் பார்ப்போம். ஐபிஎம் நிறுவனம் 1971-ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் நெகிழ்வட்டு 8 அங்குல அகலம் உடையது. 1976-இல் ஐந்தேகால் அங்குல வட்டு வந்தது. அதன் பின் 1980-களில், சட்டைப் பையில் வைக்கத்தக்க மூன்றரை அங்குல வட்டு பரவிற்று. நம் பிள்ளைகள் கையில் இருந்தது பெரும்பாலும் இக்கடைசி வகையே. அதன் இரு பக்கங்களிலும் பக்கத்திற்கு 80 வட்டத் தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடமும் 18 கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கூறு 512 பைட்டு கொள்ளும். 80-ஐ 2-ஆல் பெருக்கி, 18-ஆல் பெருக்கினால் 2,880 கூறுகள். அதனை 512-ஆல் பெருக்கினால் 14,74,560 பைட்டு. இதைத்தான் 1.44 மெகாபைட் என்று உறையில் அச்சிட்டார்கள். (இங்கே மெகா என்பது ஆயிரம் ஆயிரமும் அன்று, 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கியதும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கணக்கு. வாணிகர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.)

ஆனால் இந்த 2,880 கூறுகளும் நமக்குக் கிடைப்பதில்லை. முதற்கூறு வட்டின் வகையைச் சொல்லும் பலகை. அடுத்த 18 கூறுகளில் ஓர் அட்டவணை இருமுறை எழுதப்படுகிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும். அதற்கடுத்த 14 கூறுகள் பெயர்ப் பட்டியல். ஆக 33 கூறுகள் நிர்வாகத்திற்குப் போக, எஞ்சியவை 2,847.

அந்தப் பெயர்ப் பட்டியலையும் அட்டவணையையும் தோட்டத்துக் கிராணியாரின் செக்குரோலுக்கு ஒப்பிடலாம். இன்ன பெயருடைய கோப்பு இன்ன கூறில் தொடங்குகிறது என்று பட்டியல் சொல்லும். அக்கூறுக்குப் பின் எந்தக் கூறு, அதற்குப் பின் எந்தக் கூறு என்று அட்டவணை சொல்லும். ஒரு கடிதம் அடுத்தடுத்த கூறுகளில் இருக்கவேண்டும் என்பதில்லை. வெட்டுக்காரர் ஒருவர் விடுப்பில் சென்றால் அவர் நிரையை மூவருக்குப் பகிர்ந்து கொடுப்பதுபோல், ஒரே கோப்பு வட்டின் மூன்று மூலைகளில் சிதறிக் கிடக்கலாம். செக்குரோல் இருக்கும்வரை தொல்லை இல்லை.

வடிவமைக்கும்போது கணினி ஒவ்வொரு தடத்தையும் எழுதியபின் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. படிக்க இயலாத கூறு இருந்தால், அதைக் கெட்டது என்று அட்டவணையில் குறித்துவிடும். பிறகு அதில் எதையும் வைக்காது. பட்டை வறண்ட மரத்திற்கு அடையாளமிட்டு, வெட்டாமல் விடுகிறோம் அல்லவா? ஆனால் முதல் தடமே கெட்டிருந்தால் பலகையையும் செக்குரோலையும் வைக்க இடமில்லாது போகும். அவ்வட்டு பயன்படாது என்று கணினி அறிவித்து நின்றுவிடும்.

இனிக் கட்டளைக்கு வருவோம். படங்களைத் தொட்டு வேலை செய்யும் கணினித் திரைக்குப் பின்னால், கறுப்புத் திரை ஒன்று உண்டு. அதில் எழுத்தைத் தட்டி ஆணையிடலாம். 1980-களில் டாஸ் என்னும் இயக்க முறை இருந்த காலத்தில் அதுவன்றி வேறு திரை இல்லை. இன்றைய விண்டோஸ் கணினிகளிலும் அது 'கமாண்ட் புரோம்ட்' என்ற பெயரில் இருக்கிறது. வடிவமைக்கும் கட்டளை ஆங்கில எழுத்துகளால் ஆன ஒரே சொல்: எஃப், ஓ, ஆர், எம், ஏ, டி. அதன் பின் ஓர் இடைவெளி விட்டு, செலுத்தியின் எழுத்தும் முக்காற்புள்ளியும் இடவேண்டும். நெகிழ்வட்டுச் செலுத்திக்கு எழுத்து ஏ. இரண்டாவது இருந்தால் பி. கணினியின் உள்ளே நிலையாக இருக்கும் பெரிய வட்டுக்கு எழுத்து சி. நினைவு அட்டைக்கு டி, ஈ, எஃப் என்று அன்றன்று ஏதேனும் ஓர் எழுத்து கிடைக்கும்.

இந்த ஒற்றை எழுத்தில்தான் ஆபத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. டாஸின் தொடக்கப் பதிப்புகளில் செலுத்தியின் எழுத்தை இட மறந்துவிட்டால், அப்போது எந்தச் செலுத்தியில் நிற்கிறோமோ அதையே கணினி வடிவமைக்கத் தொடங்கிவிடும். பின்னர் வந்த பதிப்புகள் எழுத்து இல்லாத கட்டளையை ஏற்க மறுத்தன. நிலையான வட்டை வடிவமைக்க முற்பட்டால், 'இதிலுள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா?' என்று எச்சரித்து, ஒய் அல்லது என் என்னும் எழுத்தைக் கேட்கும். ஆனால் நெகிழ்வட்டுக்கும் கழற்றி எடுக்கும் அட்டைக்கும் அத்தகைய எச்சரிக்கை இல்லை. 'புதிய வட்டைச் செருகி, என்டர் விசையை அழுத்துக' என்று மட்டும் பணிவாகச் சொல்லும். செருகியிருப்பது புதிய வட்டா, பத்து ஆண்டுக் கணக்கு அடங்கிய வட்டா என்று அது கேட்பதில்லை. நம் கருத்தில் இது பெருங்குறையே. அந்த இடத்தில் ஐயம் எழுந்தால் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சி எழுத்தைத் தட்டுக, வேலை நின்றுவிடும்.

நாம் இதை நூலில் படித்து மட்டும் எழுதவில்லை. 2002-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, உடன் பயின்ற நண்பர் ஒருவர் தம் பாட்டியார் சொன்ன தோட்டத்துக் கதைகளைத் தமிழில் தட்டெழுதி ஒரு நெகிழ்வட்டில் வைத்திருந்தார். பயிற்சிப் பாடம் ஒன்றைப் படியெடுக்க நமக்கு ஒரு வட்டு தேவைப்பட்டது. மேசையில் இருந்த அவ்வட்டைச் செருகித் திறந்தோம். திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தலைக்குமேல் புள்ளியும் கோடும் இட்ட அயல்மொழி எழுத்துகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. கெட்டுப்போன வட்டு என்று முடிவு கட்டி, கட்டளையை இட்டு, என்டரை அழுத்தினோம். ஓரிரு நிமிடங்களில் நூறு விழுக்காடு என்று திரை காட்டிற்று. மாலையில் நண்பர் வந்து வட்டைக் கேட்டார். அந்தப் பாட்டியார் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அது இன்றும் நமக்கு எளிதாக இல்லை.

அவ்வட்டு கெடவேயில்லை. அதில் இருந்தது பழைய குறியீட்டில் எழுதப்பட்ட தமிழ். அக்காலத்தில் கணினிக்குத் தமிழ் எழுத்து இயல்பாகத் தெரியாது. ஆங்கிலம் அல்லாத ஐரோப்பிய எழுத்துகளுக்கென ஒதுக்கிய எண்களைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுத்துருக்களை அமைத்தனர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் செயலி 1990-களில் உலகத் தமிழர் பலரின் கைக்கு எட்டியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2001-ஆம் ஆண்டு அம்மாநாடு கோலாலம்பூரில் கூடியது. யூனிகோட் என்னும் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தும், எல்லாக் கணினிகளும் அதைக் காட்டுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே 1990-களிலும் அதனையொட்டிய ஆண்டுகளிலும் தட்டெழுதிய தமிழ்க் கோப்பை, அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், புள்ளியும் கோடும்தான் தெரியும். உரிய எழுத்துருவை இட்டாலோ, குறியீட்டை மாற்றும் செயலியில் கொடுத்தாலோ தமிழ் மீண்டும் வரும். சங்கத்தின் கூட்டக் குறிப்பு, ஆலய நன்கொடைப் பட்டியல், ஊரை விட்டுப் போனவர்களின் முகவரி இவையெல்லாம் இப்படிப் 'புரியாத எழுத்தில்' எங்கேனும் இருக்கலாம். அவ்வாறான வட்டை வடிவமைத்துவிடாதீர்கள், படியெடுத்து வையுங்கள்.

நினைவு அட்டையின் கதை சற்று வேறானது. அதில் சுழலும் தகடு இல்லை, தடமும் இல்லை. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் நுண்ணிய சில்லுகளே உண்டு. 1999-இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி அறிவித்த எஸ்டி அட்டையும், கைப்பேசியில் இடும் அதன் சிறிய வடிவமும் இன்று நம்மிடம் உள்ளவை. கோடு பிடிக்கும் வேலையைத் தொழிற்சாலையே முடித்துத் தருகிறது. நாம் வடிவமைக்கும்போது செக்குரோலைத்தான் புதிதாக எழுதுகிறோம். அச்செக்குரோல் எந்த முறையில் எழுதப்பட வேண்டும் என்பது அட்டையின் கொள்ளளவைப் பொறுத்தது. 32 ஜிகாபைட் வரையிலான எஸ்டிஎச்சி அட்டைக்கு ஃபேட் 32 என்னும் முறை. அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைக்கு எக்ஸ்ஃபேட். பெரிய அட்டையைப் பழைய படக்கருவியில் செருகினால் 'அட்டை பழுது' என்று அது சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அட்டையில் பழுது இல்லை. செக்குரோல் எழுதிய முறை அக்கருவிக்குப் படிக்கத் தெரியவில்லை.

கட்டளை முன்போன்றதே. அதே ஆறெழுத்துச் சொல், இடைவெளி, செலுத்தியின் எழுத்து, முக்காற்புள்ளி. பின் ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு, எஃப்எஸ், முக்காற்புள்ளி, வேண்டிய முறையின் பெயர். இறுதியில் மற்றொரு சாய்கோடு இட்டு, கியூ என்னும் எழுத்தைச் சேர்த்தால் விரைவு வடிவமைப்பு. சேர்க்காவிட்டால் முழு வடிவமைப்பு. இந்தக் கியூ வெறும் நேர மிச்சத்திற்கானது என்று பலர் எண்ணுகின்றனர். விரைவு வடிவமைப்பு செக்குரோலை மட்டும் கிழித்துவிட்டு வெற்றுத் தாள் வைக்கிறது. மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. முழு வடிவமைப்போ, விஸ்டா என்னும் விண்டோஸ் பதிப்பு முதற்கொண்டு, ஒவ்வொரு கூறிலும் சுழியத்தை எழுதிக்கொண்டு போகிறது. தோட்டத்தையே வீழ்த்தி எரிப்பதற்கு அது சமம். அட்டையைப் பிறருக்கு விற்கும்போது முழு வடிவமைப்பே தக்கது. மற்ற வேளைகளில், கை தவறினாலும் மீள ஒரு வழி இருக்கட்டும் என்பதற்காக, நாம் கியூவைச் சேர்த்தே செய்கிறோம்.

செய்யுமுன் நாம் பின்பற்றும் முறை இது. வேண்டாத விரலிகளையும் அட்டைகளையும் கணினியிலிருந்து கழற்றிவிடுவோம். டி, ஐ, ஆர் என்று தட்டி, இடைவெளி விட்டு, செலுத்தியின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பட்டியல் வந்தால், அதிலுள்ள பெயர்களை வாய்விட்டுப் படிப்போம். இது சிரிப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆனால் கண் தாண்டிப்போவதை வாய் பிடித்துக்கொள்ளும் என்பது வகுப்பறையில் நாம் கண்டது. அட்டையைக் கழற்றிவிட்டு மீண்டும் அதே கட்டளையை இடுவோம். 'செலுத்தி இல்லை' என்றோ 'ஆயத்தமாக இல்லை' என்றோ கணினி சொன்னால், நாம் பார்த்த எழுத்து இந்த அட்டைக்கு உரியதுதான் என்று உறுதியாகும். அதன் பிறகே ஆறெழுத்துச் சொல். லினக்ஸ் இயக்க முறையில் கட்டளையின் பெயரும் செலுத்திகளின் பெயரும் வேறு; அங்கே நிர்வாகியின் உரிமையோடு ஆணையிட்டால் பெரும்பாலும் கேள்வி ஏதும் எழாது, உடனே நிறைவேறிவிடும்.

சென்ற ஆண்டு ஸ்கூடாயில் நாம் நடத்திய சிறு விளக்கக் கூட்டத்திற்குப் பின், பெரியவர் ஒருவர் நம்மை அணுகினார். நாற்பது ஆண்டுகள் உளி பிடித்தவர். தாளில் மடித்து வைத்திருந்த கைப்பேசி அட்டையை நீட்டி, "இதில் என் சம்சாரம் இருக்கிறாள், சார்" என்றார். அட்டையைப் பேரன் கணினியில் செருக, வடிவமைக்கலாமா என்று திரை கேட்க, பையன் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறான். சில நொடிகளில் அட்டை வெறுமையாகிவிட்டது. பெரியவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அட்டையை வாங்கித் தாளில் மடித்து, அதன் பின் எவர் கையிலும் கொடுக்கவில்லை. அவர் அறியாமலே செய்த அச்செயல்தான் மிகச் சரியான செயல். அழிந்த அட்டையில் புதிதாக ஒரு படம் எடுத்திருந்தாலும், அது பழைய படத்தின் கூறில் போய் அமர்ந்திருக்கக்கூடும்.

சில நொடிகளில் முடிந்தது என்றதும், அது விரைவு வடிவமைப்பே என்று தெளிந்தோம். போட்டோரெக் என்னும் இலவசச் செயலி உண்டு. அதுவும் எழுத்துத் திரையில் இயங்குவதே. செக்குரோலை நம்பாமல் அது ஒவ்வொரு கூறாக நடந்து சென்று, ஒளிப்படம் எப்படித் தொடங்கும் என்னும் அடையாளத்தை வைத்துத் தேடுகிறது. கிடைத்ததை அதே அட்டையில் எழுதலாகாது. வேறு வட்டில் எழுதச் சொன்னோம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. சிலவற்றின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. சிதறிக் கிடந்த கூறுகளைச் சேர்க்க அட்டவணை இல்லாததன் விளைவு அது. படங்களின் பெயர்கள் வரவில்லை. எஃப் என்னும் எழுத்தும் நீண்ட எண்ணுமே ஒவ்வொன்றுக்கும் பெயர். பெரியவர் நம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இது தீமிதி, இது பெரட்டுக் களம், இது தங்கச்சி மகள் சடங்கு, இது அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போகுமுன் எடுத்தது என்று ஒவ்வொன்றாக அவர் சொல்ல, நாம் பெயரைத் தட்டெழுதினோம். இருட்டும் வரை அவ்வேலை நடந்தது.

நெகிழ்வட்டு இருப்போருக்குச் சில செய்திகள். சோனி நிறுவனம் 2011-ஆம் ஆண்டு ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஜப்பானிய அரசு தன் அலுவல் விதிகளிலிருந்து நெகிழ்வட்டை 2024-இல்தான் நீக்கிற்று. மூன்றரை அங்குல வட்டைப் படிக்க, யூஎஸ்பி வடத்தால் இணைக்கும் சிறு செலுத்தி இன்றும் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுக்குப் பழைய கணினியையே நாட வேண்டும். 1985 முதல் ஸ்கூடாயில் இயங்கிவரும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளைகள் உறவினர் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். பழைய கருவிகளில் ஆர்வமுள்ள இளைஞர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

வட்டைச் செருகுமுன், எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். மூன்றரை அங்குல வட்டின் மூலையில் சிறு நகர்வு உண்டு. அதை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி செய்தால், வடிவமைக்கும் கட்டளையும் அதன்மீது செல்லாது. ஐந்தேகால் அங்குல வட்டின் விளிம்பில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடவேண்டும். எஸ்டி அட்டையின் பக்கவாட்டில் உள்ள நகர்வும் இதற்கானதே. கைப்பேசியில் இடும் சிறிய அட்டையில் மட்டும் அது இல்லை.

மூன்றரை அங்குல வட்டின் இரும்பு மூடியை விரலால் தள்ளி, உள்ளே தகட்டைப் பாருங்கள். சரியாகப் புகை போடாத இரப்பர் ஷீட்டில் படர்வது போன்ற வெண்மையான பூஞ்சணம் தெரிந்தால், அதைச் செலுத்தியில் இடவேண்டாம். ஜொகூர் மாநிலத்தின் ஈரக் காற்றில் இது மிகுதி. பூஞ்சணம் செலுத்தியின் படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு, அவ்வட்டைக் கீறுவதோடு அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் கீறிவிடும். அத்தகைய வட்டை உலர்ந்த இடத்தில் தனியே எடுத்து வைத்து, தகட்டைத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல வட்டாயின், உள்ளே இருப்பதை முதலில் இரண்டு இடங்களில் படியெடுங்கள். ஒரு படி வீட்டில் இருக்கட்டும்; மற்றொன்று வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும். வட்டின்மேல் ஒட்டும் சீட்டில் பெயரையும் ஆண்டையும் எழுதிய பின்னரே அதை ஒட்டவேண்டும். ஒட்டிய பின் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் உள்ளிருக்கும் தகட்டில் வடு விழும்.